விண்மீன் அறிஞர் வைணு பாப்பு

தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் முதலிய ஊர்களிலும் வளரும் நம் பிள்ளைகளுள், விண்மீன்கள் நிறைந்த இரவு வானத்தை முழுமையாகக் கண்டவர் மிகச் சிலரே ஆவர். நெடுஞ்சாலை விளக்குகளும், மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வெளிச்சமும், கடைவீதிகளின் பகட்டொளியும் வானத்தின் கருமையைப் போக்கிவிட்டன. ஆயினும், இங்கிருந்து தொடர்வண்டியில் வாணியம்பாடிக்குச் சென்று, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறுவோமாயின், காவலூர் என்னும் சிற்றூரை அடையலாம். அங்கே வானம் இன்னும் கருமையாகவே உள்ளது. காட்டின் நடுவே, உயர்ந்த வெண்ணிறக் கோபுரம் ஒன்றினுள், 234 சென்டிமீட்டர் விட்டமுடைய பேராடி ஒன்று வானை நோக்கி நிற்கிறது. அக்கருவி வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியுள்ளது. அவரது வரலாற்றையே ஈண்டு எழுத முற்படுகிறேன்.

நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அண்ணல் அம்பேத்கரைப் பற்றியும், அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றியும், இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றியும் எழுத அறிஞர் பலர் உளர். அவர்தம் வரலாறுகளை நம் பிள்ளைகள் அறிவர், அறிய வேண்டும். பாப்பு நம் உரிமைப் போராட்டங்களில் ஈடுபட்டவர் அல்லர். பின்னர் ஏன் அவரைத் தேர்ந்தேன் எனில், கையால் செய்யும் தொழிலையும் அறிவால் செய்யும் தொழிலையும் இரண்டாகப் பிளந்து, முன்னதைத் தாழ்வென்று வைத்த ஒரு நாட்டில், கண்ணாடியைத் தேய்ப்பதும் அறிவியலே என்று செய்து காட்டியவர் அவர். அது நமக்கு அயலான செய்தி அன்று.

மணலி கல்லாட்டு வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். குடும்பம் மலபாரைச் சேர்ந்தது. தந்தையார் ஐதராபாத்திலிருந்த நிசாமியா வானாய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். எனவே சிறுவன் பாப்புவுக்குத் தொலைநோக்கி என்பது பாடநூலில் காணும் படமாக இருக்கவில்லை. தந்தை நாள்தோறும் கையாளும் பொருளாக இருந்தது. நிசாம் கல்லூரியில் பயிலும் நாளிலேயே, ஒளி கூடிக் குறையும் மாறொளி விண்மீன்களை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். அக்காலத்தில் இந்தியாவுக்கு வந்திருந்த ஆர்வர்டு பேராசிரியர் ஆர்லோ சேப்லியை அவர் சந்திக்க நேர்ந்தது. ஐதராபாத்து அரசின் உதவித்தொகை பெற்று, 1949ஆம் ஆண்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

சேர்ந்த சில திங்களிலேயே அவர் பெயர் உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு ஜூலைத் தொடக்கத்தில் ஓர் இரவு எடுத்த ஒளிப்படத் தகட்டை ஆராய்ந்தபோது, விண்மீன் அல்லாத ஒரு மங்கிய கீற்று அதில் இருப்பதைக் கண்டார். அது புதியதொரு வால்மீன். ஆசிரியர் பார்ட் போக், உடன் பயின்ற கார்டன் நியூகிர்க் ஆகியோரின் துணையுடன் அதன் பாதை கணிக்கப்பட்டது. அவ்வால்மீன் பாப்பு–போக்–நியூகிர்க் எனப் பெயர் பெற்றது. பிறர் கண்ணுக்குக் கறையாகத் தோன்றக்கூடிய ஒன்றை வால்மீன் எனத் தெளிந்த அப்பார்வையே அவருடைய வாழ்நாள் மூலதனம் எனலாம்.

1952இல் முனைவர் பட்டம் பெற்றபின், கார்னகி நல்கை பெற்று மவுண்ட் வில்சன், பாலோமர் ஆய்வகங்களுக்குச் சென்றார். பாலோமரில் ஐந்து மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருந்தது. அன்று உலகில் அதனினும் பெரியது இல்லை. அங்கே ஓலின் வில்சன் என்பாருடன் இணைந்து அவர் கண்ட உண்மை 1957இல் வெளியாயிற்று. விண்மீனின் ஒளியைப் பட்டகத்தின் வழியே பிரித்தால், கால்சியம் என்னும் தனிமத்திற்குரிய ஒரு கோடு தோன்றும். அக்கோட்டின் நடுவே எழும் ஒளிக்கீற்று அகலமாக இருப்பின் அவ்விண்மீன் இயல்பில் பேரொளி உடையது. குறுகியிருப்பின் ஒளி குன்றியது. இயல்பான ஒளி தெரிந்துவிட்டால், நமக்குத் தோன்றும் ஒளியோடு ஒப்பிட்டுத் தொலைவைக் கணக்கிடலாம். இன்றும் வானியல் நூல்களில் இது வில்சன்–பாப்பு விளைவு என்றே வழங்குகிறது.

அந்நாட்டிலேயே தங்கியிருக்க அவருக்கு வாய்ப்புகள் இருந்தன. ஆயினும் 1953இல் தாயகம் திரும்பினார். இங்கோ அவருக்கேற்ற தொலைநோக்கி ஒன்றுகூட இல்லை. உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகம் 1954இல் வாரணாசியில் தொடங்கப்பெற்றபோது அதன் பொறுப்பை ஏற்று, பின்னர் அதனை நைனிடால் மலைக்குக் கொண்டுசென்று நிலைநிறுத்தினார். 1960ஆம் ஆண்டில், தம் 32ஆம் வயதில், கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்.

கொடைக்கானல் ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. சூரியனை ஆராய்வதில் புகழ் பெற்றது. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய சென்னை வானாய்வகத்தின் வழித்தோன்றல் அது. பகலில் கதிரவனை நோக்க ஏற்ற இடம்; இரவில் விண்மீன்களை நோக்கவோ முகிலும் மூடுபனியும் இடர் செய்யும். எனவே பாப்புவும் அவர்தம் துணைவர்களும் தென்னாட்டு மலைகள் பலவற்றை ஆராய்ந்தனர். வானியலுக்கு இடம் தேர்வது எத்துணை நுட்பமானது என்பதை நம் இளைஞர்கள் உணர, படத்தின் தெளிவு பற்றிச் சற்றே விரித்துரைத்தல் வேண்டும்.

சித்திரை வெயிலில் ஜி.எஸ்.டி. சாலையில் நின்று தொலைவில் நோக்கினால், தார்ச்சாலையின் மேல் வண்டிகள் நெளிந்து தோன்றுவதைக் காண்கிறோம். வண்டி நெளியவில்லை, சூடேறிய காற்று அசைவதால் ஒளி வளைந்து வருகிறது. இரவில் விண்மீன் மின்னுவதும் இதனாலேயே. நம் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் அம்மின்னலே வானியலார்க்குப் பகை. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை எனப்படும். தாம்பரத்தில் நின்றுகொண்டு, ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் பிடித்துள்ள ஒரு ரூபாய் நாணயத்தைப் பார்த்தால், அதன் அகலம் ஏறத்தாழ ஒரு விகலையாகத் தோன்றும். காற்றின் அசைவு விண்மீனின் உருவத்தைப் பெரும்பாலான இடங்களில் ஒன்று, இரண்டு விகலை அளவுக்குப் பரப்பிவிடுகிறது. காவலூரில் உள்ளதுபோன்ற 234 சென்டிமீட்டர் ஆடியோ, காற்று மட்டும் இல்லையாயின், ஒரு விகலையில் பதினாறில் ஒரு பங்கைக்கூடப் பிரித்துக் காட்ட வல்லது. ஆடி எவ்வளவு பெரிதாயினும், மேலேயுள்ள காற்று அமைதியாக இல்லையெனில் அதன் நுண்மையிற் பெரும்பகுதி வீணாகிவிடும்.

ஆகவே இருண்ட வானமும், அடங்கிய காற்றும், ஆண்டில் பல தெளிந்த இரவுகளும் வேண்டும். மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரைப் பாப்பு தேர்ந்தார். நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால், வடவானமும் தென்வானமும் ஒருங்கே காணக்கூடிய நற்பேறு அவ்விடத்திற்கு உண்டு. 1968இல் அங்கே முதன்முதலாக அமைந்தது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. அதனைக் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்திருந்தனர். 1972இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தினின்று வாங்கிய 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதன் வழியே 1977 மார்ச்சு 10ஆம் நாள், யுரேனசுக் கோள் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்ச்சியை ஜே. சி. பட்டாச்சாரியா, கே. குப்புசாமி ஆகியோர் உற்று நோக்கினர். கோள் மறைப்பதற்கு முன்பே அவ்விண்மீனின் ஒளி சற்று மங்கியதைப் பதிவு செய்தனர். யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த நாள் அது. வானில் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்தினர் கண்டதை, ஜவ்வாது மலையில் இருந்தோரும் கண்டனர்.

இதற்கிடையே 1971இல் கொடைக்கானல் ஆய்வகம் வானிலைத் துறையினின்று பிரிந்து, இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பாயிற்று. பாப்புவே அதன் முதல் இயக்குநர். தலைமையகம் பின்னர் பெங்களூருக்கு மாறியது.

இனி, அவர் வாழ்வின் தலையாய முயற்சிக்கு வருகிறேன். ஒரு மீட்டர்த் தொலைநோக்கியை வெளிநாட்டில் வாங்கியவர், அதனினும் பெரியதையும் வாங்கியிருக்கலாம். பாப்பு அதற்கு உடன்படவில்லை. ஆடிக்கு வேண்டிய கண்ணாடிப் பாளம் மட்டும் ஜெர்மனியிலிருந்து வரட்டும். வடிவமைப்பும், தேய்ப்பும், மெருகும், தாங்கு கட்டமைப்பும் இந்தியரின் கையாலேயே ஆகட்டும் என்று உறுதி பூண்டார். தாங்கு கட்டமைப்பு வால்சந்து நகர்த் தொழிற்சாலையில் உருவாயிற்று. ஆடி பெங்களூரிலுள்ள நிறுவனத்தின் ஒளியியற் பட்டறையில், ஏ. பி. ஜெயராஜன் என்னும் தேர்ந்த ஒளியியல் வல்லுநரின் தலைமையில் தேய்க்கப்பட்டது.

ஆடி தேய்த்தல் என்றால் என்ன? தட்டையான கண்ணாடிப் பாளத்தின் மீது உராய்தூளும் நீரும் இட்டு, மேலே ஒரு தட்டை வைத்து முன்னும் பின்னுமாக இழைக்க வேண்டும். சிறுகச் சிறுகக் குழிவு உண்டாகும். முதலில் பருந்தூள், பின்னர் அதனினும் நுண்தூள், பின்னர் அதனினும் நுண்ணியது. ஒவ்வொரு தூளும் தனக்கு முந்தியது விட்டுச்சென்ற கீறல்களைப் போக்க வேண்டும். பருந்தூளின் ஒரு துகள் தவறிக் கலந்துவிட்டாலும் பல நாள் உழைப்பு பாழாகும். இறுதியில், கீல் பூசிய தட்டில் சீரியம் ஆக்சைடு குழம்பைத் தடவி மெருகேற்றுவர். ஆடியின் பரப்பு எங்கும், உரிய வளைவினின்று ஒளியலையின் நீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பிறழக்கூடாது. தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொண்டால் ஏறத்தாழச் சரியாகும்.

இத்துணை நுண்ணிய மேடுபள்ளத்தை எவ்வாறு காண்பது? ஒரு சிறு ஒளிப்புள்ளியை ஆடியின் முன் வைத்து, திரும்பிவரும் ஒளி குவியும் இடத்தில் கத்தியின் விளிம்பைக் குறுக்கே செலுத்துவர். அப்போது ஆடியின் பரப்பு, மாலை வெயிலில் வயல்வெளி தோன்றுவது போல, மேடும் பள்ளமுமாக நிழலிட்டுக் காட்டும். சாதாரணக் கண்ணாடியில் ஒருவர் விரலை வைத்து எடுத்தால், அவ்விரலின் சூட்டால் எழும் வீக்கம்கூட இச்சோதனையில் தெரியும். வெப்பத்தால் அனேகமாக விரிவடையாத தனிவகைக் கண்ணாடியைப் பாப்பு தேர்ந்ததன் காரணம் இதுவே.

எந்திரம் இழைக்கும், எனினும் எப்போது நிறுத்துவது, எங்கே இன்னும் சிறிது அழுத்துவது என்பதைச் சொல்வது பழகிய கண்ணும் கையுமே. ஈண்டு ஒன்று நினைவுக்கு வருகிறது. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தோல் பதனிட்ட நம் முன்னோர், தோல் பதம் அடைந்ததா என்பதை விரல்நுனியால் தடவியே சொல்வர். சுண்ணாம்பின் அளவு, பட்டையின் காரம், நீரின் நாள் கணக்கு யாவும் அவர்தம் நினைவில் இருந்தன. திரிசூலத்துக் குவாரிகளில் கல் உடைத்தோர், பாறையின் ஓட்டம் எப்பக்கம் என்பதை ஒரு தட்டலில் அறிந்தனர். அதனை எவரும் கல்வி என்று எழுதி வைக்கவில்லை. கூலி என்று மட்டுமே எழுதினர். பெங்களூர்ப் பட்டறையில் அதே வகைப்பட்ட விரலறிவு வானியல் எனப் பெயர் பெற்றது. இவ்வேறுபாட்டை எண்ணும்போதெல்லாம் என் மனம் அமைதி கொள்வதில்லை.

பாப்புவின் முடிவு சரியானதுதானா என்று வினவுவோர் உண்டு. விலைக்கு வாங்கியிருந்தால் பல ஆண்டுகள் முன்னரே விண்மீன்களை நோக்கியிருக்கலாமே என்பது அவர்தம் வாதம். காவலூரில் வடகிழக்குப் பருவக்காற்றின் திங்கள்களில் முகில் மிகுதி என்பதும், காற்றின் அமைதியில் அவ்விடம் உலகின் தலைசிறந்த மலைகளுக்கு ஈடாகாது என்பதும் மெய்யே. இந்திய வானியலார் பிற்காலத்தில் லடாக்கில், 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லேயைத் தேடிச் சென்றதும் அதனாலேயே. எனினும் என் கருத்து பாப்புவின் பக்கமே. வாங்கிய தொலைநோக்கி ஒரு கருவியை மட்டுமே தந்திருக்கும். செய்த தொலைநோக்கியோ, அதனைச் செய்யத் தெரிந்த ஒரு தலைமுறையையும் தந்தது.

ஆடி பெரிதாக ஆக அதனைச் செய்வது அரிதாகிறது. ஓர் எல்லைக்கு மேல் இயலாமலே போகிறது. அதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. ஆல்பர்ட் மைக்கல்சன் என்பார் அதனைச் செய்து காட்டினார். பிரசியாவின் ஒரு சிற்றூரில் யூதக் குடும்பத்தில் 1852இல் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர் அவர். மவுண்ட் வில்சனிலுள்ள இரண்டரை மீட்டர்த் தொலைநோக்கியின் மேல் இருபது அடி நீளமுள்ள எஃகுச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, அதில் சிறு ஆடிகளை விலக்கி வைத்து, அவை தந்த ஒளியை ஒன்றுசேர்த்தனர். 1920 டிசம்பரில், மைக்கல்சனின் முறைப்படி, திருவாதிரை விண்மீனின் விட்டம் முதன்முதலாக அளக்கப்பட்டது. ஏறத்தாழ விகலையில் இருபதில் ஒரு பங்கு! தனித்தனியே சிறியவையாகிய ஆடிகள் சேர்ந்து, இருபது அடிப் பேராடியின் நுண்மையைத் தந்தன. பாப்பு இளமையில் பணிபுரிந்த அதே மலையில், அவர் பிறப்பதற்கு ஏழாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது.

இவ்வழியிலும் இடர்கள் உண்டு. ஒவ்வோர் ஆடியிலிருந்தும் வரும் ஒளி, அலையின் நீளத்தில் ஒரு சிறு பங்கும் பிந்தாமல் வந்து சேர வேண்டும். பறையடிப்போர் நால்வர் தெருவின் நான்கு மூலைகளில் நின்று ஒரே அடவை வாசிப்பதாகக் கொள்வோம். ஒருவர் அடி சற்றே பிந்தினாலும் தாளம் குலைந்து இரைச்சலாகும். (பறையை இழிவென்று விட்டொழித்தவரும், கலையென்று மீட்டெடுத்தவரும் நம்முள் உளர், உவமைக்காக இருசாராரும் பொறுத்தருள்க.) மேலும், ஆடிகளுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால், படத்தின் சில நுணுக்கங்கள் வலுக்குன்றியும் சில அறவே இல்லாமலும் வந்து சேரும். நேரே பார்த்தால் அப்படம் மங்கலாகவும், உருவைச் சுற்றிப் பொய்யான வளையங்களோடும் தோன்றும். எந்த நுணுக்கம் எவ்வளவு குன்றியது என்பதை முன்னரே அளந்து வைத்திருந்தால், கணிப்பொறியால் குன்றியதை மீண்டும் உயர்த்திப் படத்தைச் சீராக்கலாம். ஆனால் அளவின்றி உயர்த்தினால், படத்தில் கலந்துள்ள மாசும் கூடவே உயர்ந்து உருவை விழுங்கிவிடும். அறவே வராத நுணுக்கத்தையோ, வேறு இடைவெளியில் ஆடிகளை நிறுத்தி மீண்டும் நோக்கியே பெற முடியும். கணக்கு எவ்வளவு வல்லதாயினும், வந்து சேராததைப் படைக்க அதனால் ஆகாது.

வானொலி அலைகளில் இவ்விணைப்பு முறையை வளர்த்த மார்ட்டின் ரைலுக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உதகையில் 1970இல் எழுந்த வானொலித் தொலைநோக்கியைச் சூழ்ந்தும் பிற்பாடு அம்முறை கையாளப்பட்டது. ஒளியலை வானொலி அலையினும் மிக மிகக் குறுகியது. ஆதலின் ஒளியில் இதனைச் செய்தல் பன்மடங்கு அரிது.

1979இல் பாப்பு பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. அவ்வொன்றியத்தின் பேரவை 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பத்ராசு நகரில் கூடவிருந்தது. தலைமை ஏற்க வேண்டியவர் நெஞ்சக நோயால் மியூனிக் நகர மருத்துவமனையில் கிடந்தார். அறுவை சிகிச்சைக்குப் பின், ஆகஸ்டு 19ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். அகவை ஐம்பத்தைந்து. காவலூரில் அவருடைய பேராடி அப்போது இன்னும் ஏறி அமரவில்லை.

துணைவர்கள் பணியை நிறுத்தவில்லை. 1986 சனவரி 6ஆம் நாள் பிரதமர் இராசீவ் காந்தி அத்தொலைநோக்கியை நாட்டிற்கு அர்ப்பணித்து, தொலைநோக்கிக்கும் ஆய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். நம் கண்மணி திரட்டும் ஒளியினும் ஓர் இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட ஒளியைத் திரட்ட வல்லது அவ்வாடி. இதை உருவாக்க எண்ணியவர் இதன் வழியே ஒரு விண்மீனையும் கண்டாரில்லை.

காற்றின் அசைவை வெல்லும் முயற்சியும் அதே கருவியில் நடைபெற்றது. 1970இல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் லபேரி கண்ட முறை ஒன்று உண்டு. நெடுநேரம் படமெடுக்காமல், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போன்ற மிகக் குறுகிய நேரத்தில் நூற்றுக்கணக்கான படங்களை அடுத்தடுத்து எடுத்தால், ஒவ்வொன்றிலும் காற்று ஒரு கணம் உறைந்து நின்றாற்போல் இருக்கும். விண்மீன் சிறு சிறு புள்ளிகளாகச் சிதறித் தோன்றும். அச்சிதறல்களைக் கணக்கிட்டுச் சேர்த்தால், காற்று மறைத்த நுணுக்கம் மீளும். 1990களில் வைணு பாப்பு தொலைநோக்கியில் இம்முறையால் இரட்டை விண்மீன்கள் பிரித்தறியப்பட்டன. பேராடியின் முன் துளைகளிட்ட மறைப்பை வைத்து, ஒரே ஆடியைப் பல சிற்றாடிகளாக்கி நோக்கும் சோதனைகளும் நிகழ்ந்தன. அவை மைக்கல்சனின் வழி வந்தவை.

சில ஆண்டுகளுக்கு முன், பொதுமக்களை அனுமதிக்கும் ஒரு சனிக்கிழமை மாலையில், என் மாணவர் இருபத்தெண்மரை அங்கே அழைத்துச் சென்றேன். சிறிய தொலைநோக்கி ஒன்றில் சனிக்கோளைக் காட்டினர். வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தனர். பின்னர்ப் பெரிய கோபுரத்தின் கீழே நின்றபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இதைத் தேய்க்க என்ன படிக்க வேண்டும் ஐயா என்று என்னைக் கேட்டாள். அவள் தந்தையார் மெருகுக்கல் பட்டறையில் கூலிவேலை செய்பவர். இயற்பியலும் கணக்கும் படிக்க வேண்டும் என்றேன். தூள் எதுவென்று அப்பாவுக்குத் தெரியும் என்றாள் அவள். திரும்பும் வழியெல்லாம் பேருந்தின் சன்னலில் தலையை நீட்டி வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாணியம்பாடி விளக்குகள் தென்பட்ட பின்னரே உள்ளே இழுத்துக்கொண்டாள்.